துவர்ப்பும் தக்கையும்

ஒயின் பாட்டிலில் ‘டிரை’ என்று போட்டிருந்தால் இனிப்பில்லை என்று பொருள். ஊற்றிக் குடிக்கும் ஒன்றை உலர்ந்தது என்று சொன்னால் புதிதாக வாங்குபவர் விழிக்கத்தான் செய்வார். திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சர்க்கரை ஏறக்குறைய தீரும்வரை நொதிக்கவிட்டால் டிரை. நடுவில் நிறுத்திக் கொஞ்சம் மிச்சம் வைத்தால் இனிப்பு ஒயின். ஷாம்பெயினில் குழப்பம் இன்னும் கூடுதல். அதில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது ‘புரூட்’டைவிட இனிப்பானது. முன்னதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை இருக்கும். பின்னதில் 12 கிராமுக்குள். ஷாம்பெயின் பாகுபோல் இனித்த 19ஆம் நூற்றாண்டின் கணக்கில் அமைந்த பெயர்கள் இவை. குடிப்பவர் நாக்கு மாறிவிட்டது, பெயர் மாறவில்லை.

சிவப்பு ஒயினை முதல்முறை வாயில் வைத்தவர் முகம் சுளித்து, “ரொம்ப டிரையாக இருக்கிறது” என்பார். அவர் சொல்ல வந்தது துவர்ப்பை. ஆங்கிலத்தில் புத்தகச் சொல் ஒன்று இருந்தாலும் அன்றாடப் பேச்சில் இதற்குச் சொல் கிடையாது. அதனால் ஒயின் நூல்கள் இந்த உணர்வை விளக்கவே ஒரு பத்தி செலவழிக்கும். அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணும் மொழிக்காரருக்கு அந்தப் பத்தி தேவையில்லை. வாழைப்பூவை ஆய்ந்து பச்சையாகக் கடித்தால், கொட்டைப்பாக்கை மென்றால், நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அதேதான். காரணம் டானின். அது திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க வைக்கிறார்கள். வெள்ளைக்கு முதலிலேயே சாற்றைப் பிழிந்து தோலை ஒதுக்கிவிடுகிறார்கள். நிறமும் தோலில்தான் இருக்கிறது என்பதால், தோலை உடனே நீக்கினால் கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் வரும். ஷாம்பெயினில் சேரும் பினோ நுவார் கறுப்புத் திராட்சையே.

எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு என்ற கேள்விக்கும் பாதிப் பதில் இந்தத் துவர்ப்பில் இருக்கிறது. பால் விடாத கடுந்தேநீர் துவர்க்கும். பால் விட்டதும் அடங்கும். எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றவேண்டிய டானினைப் பாலின் புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. துவர்ப்பான சிவப்பு ஒயினோடு சீஸும் ஆட்டிறைச்சியும் ஒத்துப்போவதற்கும் இதுவே காரணம். மிளகாய்க்காரம் நிறைந்த குழம்புக்கு அதே ஒயின் பொருந்தாது. ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும், துவர்ப்பு எரிச்சலைக் கூட்டும். லேசான இனிப்புள்ள, ஆல்கஹால் குறைந்த ரீஸ்லிங் வகை வெள்ளை ஒயின் அங்கே நன்றாக எடுபடும்.

கடையில் ஆளை மிரட்டுவது லேபிள். ஐரோப்பாவில் பெரும்பாலும் ஊர்ப்பெயர் முன்னால் நிற்கும். எந்த ஊரில் எந்தத் திராட்சை என்பதை அங்குள்ள சட்டம் முடிவு செய்துவிட்டதால் திராட்சையின் பெயரைப் போடுவதில்லை. ஷாப்ளி என்றால் ஷார்டனே, பரோலோ என்றால் நெபியோலோ என்று வாங்குபவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கலிபோர்னியா, ஆஸ்திரேலியா, சிலி பாட்டில்களில் திராட்சைப் பெயரே பெரிதாக இருக்கும். நம் நாட்டு நாசிக் ஒயின்களும் இந்த வழியில்தான் போகின்றன. லேபிளில் உள்ள ஆண்டு, திராட்சை அறுவடையான ஆண்டு. பழையது என்பதாலேயே உயர்ந்தது ஆகிவிடாது. கடைக்கு வரும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்தது. போஜொலே நுவோ என்ற இளம் ஒயின் அறுவடையான அதே ஆண்டு நவம்பர் மூன்றாம் வியாழனன்று விற்பனைக்கு வந்துவிடும்.

விலைக்கும் தரத்துக்கும் உறவு உண்டு, ஆனால் நம்பகமான உறவில்லை. புது ஓக் பீப்பாய் விலை உயர்ந்தது; 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் சுமார் 300 பாட்டில்தான் நிரம்பும். அந்தச் செலவுக்கு மேல் நிலத்தின் விலையும் பெயரின் விலையும் ஏறும். 1976இல் பாரிஸில் லேபிளை மறைத்து நடந்த சுவைப்போட்டியில் மதிப்பெண் கணக்கில் கொள்ளப்பட்ட ஒன்பது நடுவர்களும் பிரெஞ்சுக்காரர்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் அவர்கள் முதலிடம் கொடுத்தவை கலிபோர்னிய ஒயின்கள். வல்லுநர் நாக்கே கண்ணுக்குக் கட்டுப்பட்டது என்பதற்கும் சான்று உண்டு. போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது.

உணவகத்தில் பரிமாறுபவர் லேபிளைக் காட்டி, தக்கையைத் திருகி எடுத்து, கோப்பையில் ஒரு வாய் மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார். பலரும் நெளிவது இந்த இடத்தில்தான். பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கெட்டுப்போயிருக்கிறதா என்றுதான் கேட்கிறார். தக்கையில் பூஞ்சையும் குளோரின் கலந்த பொருளும் சேர்ந்தால் டிசிஏ என்ற சேர்மம் உண்டாகும். லிட்டருக்கு ஒரு கிராமில் கோடிக்கணக்கான பங்கில் ஒன்று இருந்தாலும் மூக்கு கண்டுகொள்ளும்: மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. தக்கையை மோந்து பார்ப்பது பார்வைக்கு நன்றாயிருக்குமே தவிர, உறுதியாக ஒன்றும் பிடிபடாது. கோப்பையைச் சற்றுச் சுழற்றி மோந்தால் போதும். வாடை வந்தால் திருப்பிக் கொடுப்பதில் கூச்சம் வேண்டாம். இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் செய்பவர்கள் 2000இல் கூட்டாகத் திருகு மூடிக்கு மாறினார்கள். திருகு மூடி மலிவின் அடையாளம் என்று இன்னும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சுழற்றியபின் கோப்பைச் சுவரில் வழியும் கோடுகளை உயர்ந்த தரத்தின் அடையாளம் என்பார்கள். ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை மாறுவதால் வரும் கோடுகள் அவை. ஜேம்ஸ் தாம்சன் 1855இலேயே விளக்கிவிட்டார். ஆல்கஹால் கூடுதல் என்பதைத் தாண்டி அவை எதுவும் சொல்வதில்லை.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்கவேண்டும் என்ற அறிவுரை, குளிர்நாட்டுக் கல்வீடுகளின் 16, 18 டிகிரியை மனத்தில் வைத்துச் சொன்னது. சென்னையின் மே மாதத்தில் பாட்டிலை ஃபிரிஜ்ஜில் வைத்துக் குளிரவிட்டால்தான் அந்தச் சூடு கிடைக்கும். வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி சரி. தக்கை போட்ட பாட்டிலை நாள்படச் சேமித்தால் படுக்கவைப்பது வழக்கம். நிமிர்ந்தே நின்றால் தக்கை காய்ந்து சுருங்கிக் காற்றை விடும் என்பார்கள். திறந்த பாட்டிலை, சிவப்பானாலும், மூடி ஃபிரிஜ்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். அதன்பின் காடி வாடை தட்டத் தொடங்கும்.