துரைசாணி கொடுத்த செடி

எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தத் துரைசாணியின் பெயர் தெரியாது. ஊட்டியில் தாத்தா பட்லராக இருந்த பங்களாவின் எஜமானி, சீமைக்குக் கப்பலேறும்போது அம்மிச்சி கையில் ஒரு பிகோனியாத் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். வெள்ளி பூசினாற்போல் நடு இலை, கருஞ்சிவப்பு விளிம்பு, அடியில் ரோமம் படர்ந்த நரம்புகள். இலையழகுக்காகவே வளர்க்கும் ரெக்ஸ் வகை. "அசல் சீமைச் செடி" என்று மாமா அதை விருந்தாளிகளுக்குக் காட்டும் தோரணை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ரெக்ஸின் பிறந்தகம் அசாம் பக்கம் என்று படித்த அன்று, மாமாவை மடக்க ஒரு வழி கிடைத்த குஷியில் தேட ஆரம்பித்தேன்.

குஷி நீடிக்கவில்லை. 1856இல் அசாமிலிருந்து லண்டனுக்குப் போன ஆர்க்கிட் சரக்கோடு ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்ததுதான் ரெக்ஸ். ஏலத்தில் அது பிரஸ்ஸல்ஸ் நர்சரிக்காரர் ழான் லிண்டன் கைக்குப் போனது. அடுத்த வருடமே அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. பிறகு ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளில் வேறு இனங்களோடு கலந்து கலந்து, இன்று தொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் அந்தக் கலப்புகளின் வாரிசுகள். ஆக மாமா சொன்னதில் பாதி சரி. கல்லறைத் தோட்டங்களில் துரைசாணிகளின் பெயர்களைப் படித்துத் திரிந்ததிலும் ஒன்றும் தேறவில்லை. ஊர் திரும்பிப் போனவளுக்கு இங்கே ஏது கல்லறை!

குன்னூரில் நர்சரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். பேச்சு கொடுத்தால் பதில் வராது. வேலை கொடுத்தால் வரும். நான் கொண்டுபோன இலையின் நிறத்தை அவர் பார்க்கவே இல்லை. கவிழ்த்து, நரம்பை விரலால் தடவி, "எங்க இருந்துச்சு?" என்றார்.

"ஊட்டிங்க ஐயா. வாசத் திண்ணையில."

"இருந்திருக்காது."

அதற்குமேல் பேச்சில்லை. பிளேடை எடுத்து, இலையின் பெரிய நரம்புகளைக் கிளை பிரியும் இடங்களில் குறுக்கே கீறினார். நிமிர்த்தி, ஈர மணல்மேல் படுக்கவைத்து, கீறல்கள் மணலைத் தொடும்படி கூழாங்கற்களை வைத்து அழுத்தினார். மேலே பாலித்தீன் தாளை வளைத்துக் கட்டினார். கீறிய இடத்தில் வேர் இறங்கும், அங்கேயே குட்டிச் செடியும் முளைக்கும். விதை, மகரந்தம் எதுவும் குறுக்கே வராததால் குட்டிக்கும் தாய்க்கும் வித்தியாசமே கிடையாது, அதே செடிதான். வம்சம் தேடி வந்தவனுக்கு இது கொஞ்சம் தலைசுற்றும் செய்தி.

நான் மறுபடி துரைசாணியை இழுத்தேன். அவர் மறுபடி திண்ணையை இழுத்தார். "டிசம்பர்ல அங்க போய்ப் பாத்திருக்கியா தம்பி?"

பார்த்திருக்கிறேன். முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி, விடிந்தால் புல்வெளி வெள்ளை. தாவரவியல் பூங்காவிலேயே நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடி வைப்பார்கள். புல்லின் மேல் அதிகாலையில் தண்ணீர் தெளிப்பார்கள். ரெக்ஸோ இலையும் காம்பும் முழுக்க நீர். ஒரே ஒரு உறைபனி இரவு போதும், காலையில் வேகவைத்த கீரைதான். 10 டிகிரிக்குக் கீழே போனாலே வளர்ச்சி நின்றுவிடும். செடி வாடுகிறதே என்று அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள்: மண்ணோடு ஒட்டிப் படுத்திருக்கும் தடித்த தண்டு அழுகிவிடும். இலை கொட்டினால் கொட்டட்டும், தண்டு கெட்டியாக இருந்தால் வெயில் காலத்தில் துளிர்க்கும். 2,240 மீட்டர் உயரத்தில், திறந்த திண்ணையில், இத்தனை மார்கழிகளை அது தாண்டியது என்றால் பெரியவர் எப்படி நம்புவார்?

துரைசாணியை விட்டேன். மார்கழியைப் பிடித்துக்கொண்டேன். பெரியம்மாவிடம் போய், "பனிக்காலத்துல தொட்டி எங்க இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

"அடுப்படியில, கண்ணு. வெந்நீர் அண்டாவுக்கு அந்தப் பக்கம். அம்மா தண்ணி ஊத்தவே விடமாட்டா. விரலை மண்ணுல விட்டுப் பாத்துட்டு, இன்னும் ஈரம் இருக்குதும்பா."

"அதெல்லாம் துரைசாணி சொல்லிக்கொடுத்ததா?"

பெரியம்மா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "எந்தத் துரைசாணி?"

மலர்க் கண்காட்சிக்குப் போன இடத்தில் அம்மிச்சி ஓர் இலையைக் காம்போடு கிள்ளி, முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருக்கிறாள். எந்தத் தொட்டியில், யாருடைய தொட்டியில் என்று பெரியம்மாவுக்கும் தெரியாது. செடி தழைத்ததும் அக்கம்பக்கத்தில் 'ஏது இது' என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேலைக்கு உலை வைத்துவிடுமோ என்று பயந்த தாத்தாதான் துரைசாணியை முன்னால் நிறுத்தினார். அவர் அரண்டுபோய்ச் சொன்ன வார்த்தையை மாமா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நானும் பெரியம்மாவும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

பெரியவரிடம் சொன்னேன். திருட்டு அவரைத் துளியும் அசைக்கவில்லை.

"கண்காட்சின்னா மே மாசமா?"

"ஆமாங்க."

"அப்ப சரி. வேர் புடிச்சிருக்கும்" என்றார். "தையில கிள்ளியிருந்தா மணல்லயே அழுகிப்போயிருக்கும்."