முழங்காலும் நாங்களும்

"பெண்பிள்ளைக்கு இந்த ஓட்டமும் குதியும் எதற்கு? கால் போனால் யார் பார்ப்பது?" இவ்வாண்டு எங்கள் கூடைப்பந்துக் குழுவினர் பலருடைய இல்லங்களில் எழுந்த கேள்வி இது. கேட்ட பெற்றோர் மேல் குற்றமில்லை. ஆகஸ்டு மாதப் போட்டியில் எங்கள் தோழி ஒருத்தி பந்துக்காக எம்பிக் குதித்தாள். ஒற்றைக் காலில் இறங்கினாள். முட்டி உள்பக்கமாக மடங்கியது. யாரும் அவளை இடிக்கவுமில்லை, தள்ளவுமில்லை. 'டப்' என்று ஏதோ அறுந்த ஓசை கேட்டதாக அவளே சொன்னாள். முன் குறுக்குப் பிணைநார் கிழிந்துவிட்டது என்றார் ஸ்கேன் பார்த்த மருத்துவர்.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் கட்டி வைத்திருக்கும் குட்டைக் கயிறுதான் இந்தப் பிணைநார். கீழெலும்பு முன்னே வழுக்கிப் போகாமலும் முட்டி முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இதுவே. முற்றிலும் அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. உடலின் வேறோர் இடத்திலிருந்து நார் எடுத்து வைத்து அறுவை செய்தாலும், ஆடுகளத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். எங்கள் தோழி இப்பொழுது முழந்தாளிட முடியாமல் திருப்பலி முழுவதும் பெஞ்சில் அமர்ந்திருக்கிறாள். வலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம்.

ஒரே ஆட்டத்தை ஆடும் பையன்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ வருகிறது என்று அறிந்தபோது திடுக்கிட்டோம். காரணம் ஒன்றல்ல. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கால் எலும்புகள் மளமளவென்று நீளுகின்றன. பையன்களுக்கு அதோடு தசையும் திரண்டுவிடுகிறது. எங்களுக்கு அவ்வளவாக இல்லை. உயரம் கூடுகிறது, அதைத் தாங்கும் வலிமை பின்தங்குகிறது. குதித்து இறங்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய, முட்டி உள்ளே போகிறது. தண்டனை முட்டிக்கு, தவறோ மேலே, வயிற்றிலும் இடுப்பிலும்!

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவில் 277 கல்லூரி விளையாட்டு வீரர்களின் உடலை ஓர் இழுவிசையில் நிறுத்தி, திடீரென்று விடுவித்து, உடல் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்கள். மூன்று ஆண்டுகள் கவனித்ததில் 25 பேருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. உடல் அதிகமாக ஆடியவர்களே, குறிப்பாகப் பெண்களில், காயத்துக்கு ஆளானவர்கள். இம்முடிவு 2007இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 2008இல், நார்வே நாட்டிலிருந்து நல்ல செய்தி வந்தது. கால்பந்து ஆடும் 13 முதல் 17 வயதுச் சிறுமியர் ஏறக்குறைய 1900 பேரில் ஒரு பகுதியினர், ஆட்டத்துக்கு முன் சுமார் 20 நிமிடம் ஓட்டம், வலிமை, சமநிலைப் பயிற்சிகளைச் செய்தனர். அவர்களிடையே கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை அவற்றை எங்களுக்கும் தொடங்கிவைத்தார். முதல் நாள் ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடச் சொன்னார். எண்ணிப் பத்து வருவதற்குள் பதினொரு பேரில் ஏழு பேர் சாய்ந்துவிட்டோம்! தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வயதான சிஸ்டர், "என்ன பிள்ளைகளா, கொக்குப் பள்ளிக்கூடமா?" என்று சிரித்தார்கள். அடுத்தது முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் தரையில் ஊன்றிப் பலகை போல் கிடப்பது. வயிறு நடுங்கும். கடிகாரம் இல்லாத நாளில் இரண்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும்வரை என்று கணக்கு வைத்தோம். அந்த ஜெபத்தை அவ்வளவு வேகமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிஸ்டர் கண்டித்த பிறகு நிதானமாகச் சொல்கிறோம், அதனால் பயிற்சியும் நீண்டுவிட்டது. பிறகு, தோழி குதிகாலைப் பிடித்துக்கொள்ள, முழந்தாளிட்டபடியே மெல்ல முன்னே சாய்வது. தொடையின் பின்தசைக்கு இதைப்போல் கடினமான வேலை வேறில்லை. கடைசியாகக் குதித்து இறங்குவது. ஓசை வரக்கூடாது, முட்டி கால்விரலுக்கு நேராக நிற்க வேண்டும். ஒருத்தி குதிக்க மற்றொருத்தி எதிரே குந்தி அவள் முட்டியையே பார்க்க வேண்டும். பார்ப்பவளுக்குத்தான் அதிகம் புரிகிறது என்பது எங்கள் கருத்து.

ஐந்து மாதமாகிவிட்டது. இப்பொழுது கண்ணை மூடி முப்பது எண்ணும்வரை எல்லாரும் நிற்கிறோம். குழுவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட மூவரில் இருவரின் அன்னையர், பயிற்சியை நேரில் வந்து பார்த்துவிட்டு மகளைத் திரும்ப அனுப்பினார்கள். மூன்றாமவளின் தந்தை இன்னும் இசையவில்லை. பொதுத்தேர்வு நெருங்குவதால் எங்கள் உடற்பயிற்சி வகுப்பைக் கணக்கு வகுப்பு எடுத்துக்கொண்டது. ஆகவே விடுதிப் பிள்ளைகள் இரவுப் படிப்புக்குப் பின் தாழ்வாரத்தில் செய்கிறோம். வீட்டிலிருந்து வருபவர்கள் காலை மணி அடிப்பதற்கு முன் செய்கிறார்கள். எட்டாம் வகுப்புத் தங்கைகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் நாங்களே கற்றுக்கொடுக்கிறோம். முட்டியைப் பார்த்துச் சொல்லும் வேலையை எங்கள் தோழி நாற்காலியில் அமர்ந்தபடி ஏற்றிருக்கிறாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை.