சஹர் நேரத்தில் ஓர் எலி



சென்ற ரமளானின் கடைசிப் பத்தில் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பிழை முழுவதும் என்னுடையது என்பதால் வந்த தயக்கம் அது.

உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. சென்ற ஆண்டு சமையலறையைப் புதுப்பித்து அடுப்பு மேடைக்குக் கிரானைட் பதித்தோம். மேடைக்கு அடியில் சிலிண்டர் இருந்தால் அழகாக இராது என்று வீட்டார் கூறவே, அதைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். சுவரில் ஒரு துளையிட்டு, சந்தையில் வாங்கிய பச்சை ரப்பர் டியூபை அதன் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். நீளம் போதவில்லை. இன்னொரு துண்டை ஒட்டுப்போட்டு, கிளிப் வைத்து முறுக்கினேன். அந்த ஒட்டு சுவருக்கும் மேடைக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அமைந்தது. இருநூறு ரூபாயில் வேலை முடிந்தது என்று மனைவியிடம் பெருமை பேசியதும் நினைவிருக்கிறது.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919-க்கும் 921-க்கும் இடையில், யார் சபையில் உறுப்பினராகலாம், யார் ஆகக்கூடாது என்ற விதிகளை எல்லாரும் காணும்படி கல்லில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது. அந்த ஊர்க்காரனான நான், எரிவாயு இணைப்புடன் தந்த புத்தகத்தில் அச்சிட்டிருந்த விதிகளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று அதிகாலை மூன்றரை மணி இருக்கும். சஹருக்குச் சோறு சூடாக்க அம்மா எழுந்தார். நான்கு நாட்களாக அவருக்குக் கடும் ஜலதோஷம். மூக்கு முற்றிலும் அடைத்திருந்தது. முதல் முறையாகத் தொடர்ந்து நோன்பு வைக்கும் உற்சாகத்தில் என் ஒன்பது வயது மகளும் அவர் பின்னாலேயே போனாள். சமையலறை வாசலில் அம்மா விளக்குச் சுவிட்சை நோக்கிக் கை நீட்டியபோது, "நன்னி, அழுகின முட்டை நாத்தம் வருது. லைட் போடாதீங்க!" என்று அவள் கத்தினாள். பள்ளியில் தீயணைப்புத் துறையினர் வந்து செய்துகாட்டிய ஒத்திகை அவள் மனத்தில் பதிந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அம்மாவின் கை நின்றது.

அந்தச் சத்தத்தில்தான் நான் விழித்தேன். எல்லாரையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு இருட்டிலேயே கொல்லைப்புறம் சென்று ரெகுலேட்டரை மூடினேன். சமையலறையின் பின்கதவையும் சன்னல்களையும் திறந்து வைத்தோம். எந்தச் சுவிட்சையும் போடவுமில்லை, அணைக்கவுமில்லை. அணைக்கும்போதும் பொறி பறக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டி கூடத்தில் இருந்தது. சமையலறையில் இருந்திருந்தால் அது தானாகவே ஓடத் தொடங்கும் கணத்துப் பொறியே போதுமானதாக இருந்திருக்கும். தெருவில் நின்றபடி 1906 என்ற எண்ணுக்கு அழைத்தேன். எரிவாயுக் கசிவுக்கென்றே நாடு முழுவதற்குமான எண் அது. பேரீச்சம்பழமும் தண்ணீருமாக அன்றைய சஹர் பக்கத்து வீட்டுத் திண்ணையில் முடிந்தது.

காலையில் மேடைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஒட்டுக்கு அருகே டியூபில் இரண்டு பல் தடங்கள் இருந்தன. எலி.

இரவு படுக்கும்முன் அடுப்பின் குமிழ்களை மூடியிருந்தோம். ஆனால் சஹருக்கு மீண்டும் எழப்போகிறோமே என்று ரெகுலேட்டரைத் திறந்தபடியே விட்டிருந்தோம். ஆகவே டியூப் முழுவதும் இரவெல்லாம் வாயு நிறைந்தே இருந்தது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே எழுந்து போகாது, தரையோடு படர்ந்து மேடைக்கு அடியிலும் மூலைகளிலும் தேங்கும். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றப் போதும். அதற்கு இயற்கையில் மணமும் கிடையாது. நம்மை எச்சரிக்கவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் மாண்டனர். எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது கட்டாயமானது அதன் பிறகுதான். என் மகள் மூக்கில் ஏறிய நாற்றத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகளின் உயிர்கள் இருக்கின்றன.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு வீட்டாரோடு எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும்முன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தியதை அபூ மூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் காரணமும் வருகிறது: எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும். இரண்டையும் ஜும்ஆ பயானில் பலமுறை கேட்டிருக்கிறேன். எண்ணெய் விளக்கு போய் மின்விளக்கு வந்துவிட்டதால், இவை பழங்காலத்துக்குரிய அறிவுரைகள் என்று என்னையறியாமலே ஒதுக்கி வைத்திருந்தேன். விளக்கு போய்விட்டது, எலி போகவில்லை. நம் வீடுகளில் இன்று உறங்கும்முன் அணைக்க வேண்டியது ரெகுலேட்டர்தான் என்று இப்போது நினைக்கிறேன். மார்க்க அறிஞர்கள் இதை இன்னும் சரியாக விளக்குவார்கள்.

கேஸ் ஏஜென்சியிலிருந்து வந்த மெக்கானிக் பாய் என்னைத் திட்டவில்லை. கழற்றிய டியூபை மகள் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சிக்கம்மா, அத்தாவுக்கு அப்பப்போ காட்டு" என்றார். பிறகு என்னிடம், சிலிண்டர் உள்ளே இருந்தால் ஒன்றரை மீட்டருக்கு மிகாத ஒரே டியூப், வெளியே இருந்தால் உலோகக் குழாய், இதற்கு நடுவில் எதுவும் கிடையாது என்றார். ரப்பர் டியூப் சுவரைக் கடக்கவே கூடாதாம். நாங்கள் செம்புக் குழாய் போட்டோம். சிமெண்டு அரித்துவிடாதபடி, துளையில் சற்றுப் பெரிய குழாயொன்றை உறையாகச் செருகி, அதனுள் செம்பை நுழைத்தார். சுவருக்குள் இணைப்பு ஏதும் இல்லை. மேடைக்கு மேலே, கைக்கெட்டும் இடத்தில் ஒரு வால்வு. அதிலிருந்து அடுப்பு வரை மட்டும் உள்ளே கம்பிவலை வைத்த, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப். எலிப் பல் அதில் எளிதில் இறங்காது. ஆனாலும் ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும்.

வேலை முடிந்தது என்று நான் பணத்தை எடுத்தபோது, "சோதனை பண்ணாம வேலை எப்படி பாய் முடியும்?" என்றார். இரு முனைகளையும் அடைத்து, பம்பால் குழாய்க்குள் காற்றை ஏற்றி, அழுத்தமானியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நோன்புநாள்; தேநீர்கூடத் தர முடியவில்லை. பத்து நிமிடத்தில் முள் ஒரு மயிரிழை இறங்கியது. எனக்குத் தெரிந்தேயிராது. சோப்பு நீரைக் குழைத்து ஒவ்வோர் இணைப்பிலும் தூரிகையால் தடவினார். வளைவில் இருந்த பித்தளை நட்டில் கடுகளவு குமிழி ஒன்று ஊதி உடைந்தது. அதைக் கழற்றி, செம்பின் வாயைச் சீராக்கி, மீண்டும் முடுக்கி, மீண்டும் காற்றேற்றினார். இம்முறை அரை மணி நேரம் முள் அசையவில்லை. அதன் பிறகே சிலிண்டரை இணைத்து, அடுப்புக் குமிழ்கள் மூடியிருக்க ரெகுலேட்டரைத் திறந்து, சோப்பு நீரை மறுபடியும் தடவினார். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கும் வழக்கம் எங்கள் பெரியத்தா காலத்தில் இருந்தது. அதைச் சொன்னபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்தச் சோதனையை என் மனைவி இப்போது சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் தானே செய்கிறார். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறதா என்றும் விரல் படாமல் எட்டிப் பார்க்கிறார்.

பெருநாளுக்கு முன்பு ஜமாஅத் தலைவரிடம் கேட்டுக்கொண்டு, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகையைப் பார்த்தோம். 19 கிலோ சிலிண்டர்கள் இரண்டு, ஓர் ஆளுயர அண்டா, அதைச் சுற்றி அஸர் முதலே தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகள். டியூபை வளைத்துப் பார்த்தேன், வெடிப்புகள் விரிந்தன. எப்போது மாற்றியது என்று எவருக்கும் நினைவில்லை. மறுநாள் கஞ்சி விறகில் காய்ந்தது. அதற்கடுத்த நாள் புது டியூப் வந்தது.

அம்மாவின் ஜலதோஷம் தீர்ந்துவிட்டது. இஷா தொழுதபின் அவரே ரெகுலேட்டரை மூடிவிட்டு வந்து, மூடியதை என்னிடம் ஒருமுறை சொல்கிறார். எலிப்பொறி இரண்டு வைத்திருக்கிறோம். அது இன்னும் அகப்படவில்லை.