ஒற்றை அறையும் பல குரல்களும்

நமது கலாசாலைப் பாடகர் குழுவில் மூன்று வருஷ காலம் 'பேஸ்' என்னும் கீழ்க்குரல் பாடியவராவோம் நாம். கீழ்க்குரல் பாடுவோனுக்கு ஒரு குறையுண்டு. பாட்டின் மெட்டு ஒருபோதும் அவன் பங்குக்கு வருவதில்லை. சோப்ரானோ பாடுவோர் அதனை ஏந்திச் சென்று கைதட்டல் பெற, இவன் ஒரே சுரத்தில் நான்கு தட்டு நின்று, ஒரு படி இறங்கி, மறுபடியும் நிற்பான். விடுதி அறையில் நாம் தனித்திருந்து சாதகம் செய்யுங்கால், அடுத்த அறை அன்பர் வந்து, வயிற்றில் ஏதேனும் உபாதையோ என வினவியதுமுண்டு. மற்ற மூன்று குரல்களுமின்றி நமது குரலுக்குப் பொருளே இல்லை என்பதை அன்றே அறிந்துகொண்டோம்.

2016-ம் வருஷம் கலாசாலையை விட்டு நீங்கி, உத்தியோகத்தின் பொருட்டு அயலூரில் ஒரு சிற்றறையில் குடியிருந்தோம். பாடுதற்குக் குழுவுமில்லை, கேட்பதற்கு ஆளுமில்லை. அவ்வருஷம் ஜூலை மாதம் 1-ம் தேதி வெளியான ஓர் இசைத்தொகுப்பைப் பழைய குழு நண்பரொருவர் அனுப்பி, இதனைக் கேட்டே ஆகவேண்டும் எனப் பணித்தார். தொகுப்பின் பெயர் 'இன் மை ரூம்'. 'என் அறையில்' என்பது பொருள். ஜேக்கப் காலியர் என்னும் லண்டன் இளைஞர் வெளியிட்ட முதல் தொகுப்பு அது. 1994-ம் வருஷம் ஆகஸ்டில் பிறந்த அவருக்கு இருபத்திரண்டு வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது.

நண்பர் சொல்லாது விட்ட செய்தி ஒன்றுண்டு. அத்தொகுப்பில் ஒலிக்கும் குரல்கள், பியானோ, கிதார், மத்தளங்கள் அனைத்தும் அந்த ஒருவரே. வட லண்டனில் தம் குடும்பத்தார் வசிக்கும் இல்லத்து அறையொன்றில் அமர்ந்து, ஒரு குரலைப் பதிந்து, அதன்மேல் மற்றொன்றைப் பதிந்து, இவ்வாறே அடுக்கடுக்காய்க் கட்டி எழுப்பினார். அவர் அன்னையார் வயலின் வித்துவாம்சினி. ராயல் அகாடமி ஆப் மியூசிக்கில் போதித்தவர். பாக் என்னும் ஜெர்மானிய மேதை அமைத்த நாற்குரற் கீதங்களைக் குடும்பத்தார் கூடிப் பாடும் வழக்கம் அவ்வில்லத்தில் இருந்ததாம். இதனைப் படித்தபோது நமக்குச் சற்றே பொறாமை உண்டாயிற்று.

பாட்டுகளோ ஒரு வகைக்குள் அடங்குவனவல்ல. ஜாஸ் எனத் தொடங்குவது நாட்டுப்பாடலாய்த் திரும்பும்; அதினின்று நீக்ரோ மக்கள் வளர்த்த 'ஸோல்' இசைக்குத் தாவும். 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' என்னும் குழந்தைகள் சித்திரப் படத்தின் முகப்புப் பாட்டும் அங்கே உண்டு. ஸ்டீவி வொண்டரின் 'யூ அண்டு ஐ' என்னும் பாடலும் உண்டு. இவ்விரண்டின் இசையமைப்புக்கும் 2017-ல் கிராமி விருதுகள் கிடைத்தன. விருது தந்தோரோடு வழக்காட நாம் யார்? ஆயினும் நம் அபிப்பிராயத்தை மறைப்பானேன்? சில இடங்களில் கலியாண விருந்தில் இலை கொள்ளாமல் பரிமாறிவிட்டாற்போல், எதை முதலில் உண்பதெனத் தெரியாது விழித்தோம். பரிமாறும் கை ஓய்ந்த 'ஹைடவே' போன்ற பாட்டுகளே நம் நெஞ்சில் நின்றன.

அன்றிரவு நித்திரை வரவில்லை. ஒருவரே எல்லாக் குரலுமாகக் கூடுமெனில், பின்வரிசையில் நின்று ஒரே சுரத்தைப் பிடித்திருப்போன் யாருக்கு வேண்டும்? இவ்வச்சம் இன்று நகைப்பாய்த் தோன்றலாம். அன்று அவ்வாறு தோன்றவில்லை.

அறையில் செய்ததை அரங்குதோறும் கொண்டு செல்வது எங்ஙனம் என்பது அடுத்த வினா. மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பென் புளூம்பர்க் என்பார் அவருக்குத் துணைநின்றார். மேடையில் வாத்தியங்கள் வட்டமாய் வைக்கப்பட்டன. அவர் ஒன்றை வாசித்ததும் யந்திரம் அதனைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதற்குள் அடுத்ததற்கு ஓடுவார். பாடிக்கொண்டே கட்டைகளை அழுத்தினால், அழுத்திய சுரங்களிலெல்லாம் அவர் குரலே ஒலிக்கும்படி ஒரு கருவியும் இருந்தது. பின்னேயுள்ள திரையில் அவர் உருவமும் பலவாய்ப் பெருகிற்று. தொகுப்பு வெளிவருமுன்னரே 2015-ல் ஸ்விட்ஸர்லாந்தின் மான்ட்ரூ விழாவில் இவ்வாறு வாசித்தவர், பின்னர் இதனையே தேசம் தேசமாய்க் கொண்டு சென்றார். படமாய்ப் பார்த்த நமக்கு வியப்போடு சிறிது இரக்கமும் உண்டாயிற்று. அத்தனை குரல்களுக்கிடையே ஓடிக் களைத்தவர் ஒருவரே அல்லவா?

2020-ல் ஊரடங்கு வந்தபோது நாமும் கைப்பேசியில் நான்கு குரல்களையும் பாடிப் பதிந்து பார்த்தோம். சோப்ரானோவின் கதியைப் பற்றி மௌனம் சாதிப்பதே நலம். கீழ்க்குரல் மட்டும் பிழையின்றி அமைந்தது, கேட்கத்தான் எவருமில்லை.

காலியரோ பிற்காலத்தில் அந்த வட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். பக்கவாத்தியக்காரரைச் சேர்த்துக்கொண்டார். சபையோரை மூன்று பகுதியாய்ப் பிரித்து, ஆளுக்கொரு சுரம் தந்து, கையை உயர்த்தினால் ஏறவும் தாழ்த்தினால் இறங்கவும் பழக்கினார். பல ஊர்களில் இங்ஙனம் பாடிய குரல்களைத் திரட்டி, 2024-ல் வெளியிட்ட 'ஜெஸ்ஸி' நான்காம் தொகுப்பின் முதற்பாட்டுக்கு 'நூறாயிரம் குரல்கள்' எனப் பொருள்படப் பெயரிட்டார். கர்நாடக சங்கீதம் பயின்ற பெங்களூர் வாரிஜஸ்ரீ வேணுகோபாலும், சிதார் வாசிக்கும் அனுஷ்கா சங்கரும் அத்தொகுப்பில் அவருடன் இசைத்துள்ளனர்.

பழைய மாணவர் கூட்டத்துக்குச் சென்ற தடவை வந்திருந்தபோது, பாட ஆள் போதவில்லை என்று நம்மையும் பின்வரிசையில் நிறுத்தினார்கள். அருகில் நின்றவர் நமக்கு இருபது வயது மூத்தவர். கண்ணாடியை மறந்து வந்தமையால் நமது தாளையே எட்டிப் பார்த்துப் பாடினார். மூன்றாம் அடியில் அவர் சுரம் சற்றே இறங்கிற்று. நாமும் அவரோடு இறங்கினோம்.