கிருமிகளின் கைமாற்று

“அந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிப் போய்விட்டது; இனிமேல் கேட்காது” என்று யாராவது சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். பழகிப் போவது உடம்பல்ல, உள்ளே புகுந்த கிருமி. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை, சிநேகிதியின் மாமியாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது தெரிந்துகொண்டேன்.

பாட்டிக்கு வயது 72. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் சிறுநீர் போவதற்காக வைத்த குழாய் வழியே கிருமி ஏறிவிட்டது. ஜுரம் இறங்கவே இல்லை. டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். ஒரு பக்கம் மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மடியும்; ‘ஆர்’ என்றால் மடியாது. காகிதம் நெடுக ‘ஆர்’ மயம்! கொலிஸ்டின் ஒன்றுதான் மிச்சம். சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று எப்போதோ ஒதுக்கி வைத்த பழைய மருந்து அது. வேறு வழியில்லாமல் பரணிலிருந்து இறக்கியிருக்கிறார்கள்.

பாட்டிக்கு ஆத்திரமான ஆத்திரம்.

“ஏண்டியம்மா, ஜுரம் வந்தால் சுக்குக் கஷாயத்தைத் தவிர நான் எதைக் கண்டேன்? எனக்குப் போய் மருந்து கேட்காதாமே!”

நியாயமான கேள்விதானே? பதில் கிருமியின் வயிற்றுக்குள் இருக்கிறது. மருந்தை முறியடிக்கும் வித்தை அதன் ஜீன்களில் எழுதியிருக்கிறது. அவற்றில் பல, ‘பிளாஸ்மிட்’ என்ற தனிச் சிறு வளையங்களில் இருக்கின்றன. ஒரு கிருமி இன்னொன்றை ஒட்டிக்கொண்டு அந்த வளையத்துக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்குக் காபிப் பொடி கைமாற்றுக் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் கொடுத்தவருக்கு ஒன்றும் குறைவதில்லை. யாரும் திருப்பிக் கேட்பதும் இல்லை. ஜாதி வேற்றுமையும் கிடையாது. குடலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமி, சீதபேதிக் கிருமிக்கு நாலு மருந்துகளை எதிர்க்கும் சக்தியை ஒரே மூச்சில் தந்துவிடுவதை 1959-ல் ஜப்பானியர் கண்டுபிடித்தார்கள்.

நம் ஊர்ப் பெயர் பெற்ற ஜீனும் ஒன்று உண்டு. டில்லி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய நோயாளி ஒருவரிடம் 2008-ல் அகப்பட்ட அதற்கு, ‘நியூ டெல்லி’ என்றே நாமகரணம் செய்துவிட்டார்கள். 2010-ல் வெளியான ஆராய்ச்சியில் சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. தலைநகரின் பெயரை வைக்கலாமா என்று இங்கே ஒரே ரகளை. அடுத்த வருஷம் டில்லியின் குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-ல் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும் அதே ஜீன்! பெயருக்காகப் போட்ட சண்டையில் பாதியையாவது சாக்கடைக்காகப் போட்டிருக்கலாம்.

பாட்டிக்கு அது எங்கிருந்து வந்ததோ! கழுவாத ஒரு கை போதும், கட்டிலின் கம்பி போதும். எப்படியோ மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினார். சிறுநீரகம்தான் முன்போல் இல்லை.

பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங், 1945-ல் தமது நோபல் உரையிலேயே ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலிக்கிறதென்று ஒருவர் தாமாகவே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் உட்கொள்கிறார். சாகாமல் தேறிய கிருமி அவர் மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்குக் கொடுத்த பெனிசிலின் பலிக்கவில்லை, இறந்துபோகிறாள்.

போன வாரம் எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் நின்றிருந்தேன். ஸ்கூட்டரை விட்டு இறங்கி வந்த ஒருவர், “தொண்டை கரகரங்குது, அஸித்ரோமைசின் ரெண்டு கொடுங்க” என்றார். சிவப்புக் கோடு போட்ட அட்டை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கடைக்காரர் கத்திரிக்கோலை எடுத்து இரண்டை மட்டும் நறுக்கிக் கொடுத்தார். ஸ்கூட்டரின் பின் ஸீட்டில், மடியில் காய்கறிப் பையோடு, அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.