தோள் அளவு

சட்டை தைக்கக் கொடுத்தால் டெய்லர் முதலில் தோளைத்தான் அளக்கிறார். செருப்புக் கடையில் ஆறாம் நம்பரா, ஏழாம் நம்பரா என்று கேட்காமல் பெட்டியை இறக்குவதில்லை. சைக்கிள் கடையில் மட்டும் 'என்ன கலர் வேணும்?' என்பதுதான் முதல் கேள்வி. கொஞ்சம் விஷயம் தெரிந்த கடை என்றால் உயரம் கேட்பார்கள். கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மிதிக்கிறது கால்தானே, கைக்கு என்ன வேலை என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

என் அக்கா மகள் நாலடி பத்து அங்குலம். காலேஜில் இரண்டாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மதுரையில் கிளம்பி, அழகர்கோவில் ரோட்டிலும் மேலூர்ப் பக்கமும் சைக்கிள் மிதிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தாள். ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்டில் ஒரு ரோட் பைக் வாங்கினாள். மெலிசான டயர், ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி முன்னால் போய் வளைந்து கீழே இறங்குகிற ஹேண்டில்பார். மூன்றாவது வாரம் கை மரத்துப்போகிறது என்றாள். ஐந்தாவது வாரம், சோற்றைப் பிசையும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் தன்னுடையது மாதிரியே இல்லை என்றாள்.

அக்காவுக்கு அது போதும். "நான் அப்பவே சொன்னேன் தம்பி. இவ உசரத்துக்கு அதெல்லாம் ஒத்துவராது. வித்துட்டு என்னய மாதிரி ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கிரட்டும்."

தாய்மாமன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. அவள் அழவெல்லாம் இல்லை. "மாமா, நான் சின்னதா இருக்கறது பிரச்னையா, அது பெருசா இருக்கறது பிரச்னையா? அத மட்டும் யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க. நான் சின்னதுதான்னா வித்துடறேன்" என்றாள். இருபது வயசுக்குள் எத்தனை பேரிடம் இந்தப் பதிலை வாங்கியிருந்தால் இப்படிக் கேட்கத் தோன்றும்!

யோசித்துப் பார்த்தால் நம்ம ஊரில் பெரிய சைக்கிளுக்குச் சின்ன ஆள் தன்னை வளைத்துக்கொண்டதுதான் சரித்திரம். குரங்கு பெடல் அடித்தவர்களுக்குத் தெரியும். பாருக்குக் கீழே காலை நுழைத்து, வலது கையால் சீட்டை அணைத்துப் பிடித்து, இடது கை மட்டும் ஹேண்டிலில். எட்டாத ஹேண்டில்பாரில் பாதியைக் கைகழுவிவிடுவது! அதற்கு அந்த வயசில் நாம் கண்டுபிடித்த வழி அது. 2024-ல் அதே பெயரில் ஒரு சினிமாகூட வந்தது.

1991-ல் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அங்கே போய் எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு மறக்காது. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை, ஆம்பளை சைக்கிளையே எடுத்தார்கள். அதிலும் சிலர் அதைத்தான் விரும்பினார்கள், ஏனென்றால் நடுவில் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் வளைந்துகொடுத்தது அவர்களே தவிர, சைக்கிள் இல்லை.

பிறகு 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கும், 2005-06-லிருந்து அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கும் அரசாங்க சைக்கிள் வந்தது. செக்கானூரணிப் பக்கம் சாயங்காலம் நின்று பார்த்தால் நீல வண்டிகள் சாரைசாரையாகப் போகும். அந்த சைக்கிளில் கை மரத்துப்போகிறது என்று எந்தப் பிள்ளையும் சொல்லிக் கேட்டதில்லை. காரணம், அந்த ஹேண்டில் நம்மைப் பார்த்து வளைந்து வருகிறது. முதுகு நிமிர்ந்திருக்கும், உடம்புக் கனம் சீட்டில் இறங்கிவிடும். ரோட் பைக்கில் நாம்தான் அதைப் பார்த்துக் குனிந்து போகவேண்டும். கனத்தில் ஒரு பங்கு உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது.

டாக்டரிடம் காட்டினோம். முழங்கையைச் சுவரில் இடித்தால் சுர்ரென்று கரண்ட் அடிக்குமே, அந்த நரம்புதான் சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கையின் அடியில் போகிறதாம். மணிக்கணக்காக அங்கே அழுத்தினால் அந்த ரெண்டு விரல்தான் முதலில் மரக்கும். கொஞ்ச நாள் ஓட்டாதே, வண்டியைச் சரிசெய் என்றார். விற்றுவிடு என்று சொல்லவில்லை. அக்காவுக்கு ஏமாற்றம்.

டவுனுக்குள் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிற பாய் ஒருவரிடம் போனோம். வாடகை சைக்கிள் விட்ட காலத்து ஆள். இப்போது கியர் வண்டி, ரோட் பைக் எல்லாம் அத்துப்படி. வண்டியைத் தொடவே இல்லை. "பாப்பா, சுவத்தோட ஒட்டி நில்லு" என்றார். டெய்லர் டேப்பை எடுத்து என்னிடம் கொடுத்து, தோள்பட்டை எலும்பு முனையிலிருந்து அடுத்த முனைவரை அளக்கச் சொன்னார். 35 சென்டிமீட்டர். ஹேண்டில்பாரை அவரே அளந்தார். 42.

"ஆறடி ஆளோட சட்டையப் போட்டுக்கிட்டு, கை நீளமா இருக்குன்னு யாராச்சும் கையக் குறை சொல்வாங்களா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். கேட்டுச் சொல்லச் சொன்ன பதில் அதுதான்.

அகலமாகப் பிடித்தால் நெஞ்சு விரியும், மூச்சு நன்றாக வாங்கும் என்று ஒரு காலத்து நம்பிக்கை. தோளைவிட ரொம்ப அகலமானால் மணிக்கட்டு வெளிப்பக்கமாக ஒடிகிறது, கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது. ரோட் பைக்குக்கு 36, 38 என்று சின்ன அளவிலும் ஹேண்டில்பார் உண்டு. ஆனால் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் 42, 44. சின்னது வேண்டுமென்றால் சொல்லி வரவழைக்க வேண்டும்.

அகலத்தோடு முடியவில்லை. சீட்டை யாரோ முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள், ஹேண்டில் எட்டட்டும் என்று. மூக்கையும் கீழே சாய்த்திருந்தார்கள். உட்கார்ந்தால் முன்னால் வழுக்கி, மொத்தக் கனமும் கைக்கு. பாய் சீட்டை மட்டமாக்கிப் பின்னால் தள்ளினார். "சீட்டு காலுக்கு, ஹேண்டில் கைக்கு. இத வச்சு அதச் சரி பண்ணக் கூடாது" என்றார். பிறகு ஹேண்டிலைப் பிடித்திருக்கிற ஸ்டெம். 110 மில்லிமீட்டரைக் கழற்றிவிட்டு 80 போட்டார். சில நூறு ரூபாய் சமாசாரம். அதற்கு மேல் குறைத்தால் திருப்பும்போது வண்டி வெடுக்கென்று போகும் என்று எச்சரித்தார்.

புது பார் வந்தது பத்து நாள் கழித்து. 36 அகலம், வளைவு முன்னால் நீளுவது 70 மில்லிமீட்டர்தான். நடுவில் கவ்வுகிற இடம் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து வாங்கவேண்டும் என்பது இன்னொரு பாடம். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் 31.8, பழையவற்றில் 25.4 அல்லது 26. மாறினால் உட்காராது. மெத்தென்று இருக்கட்டும் என்று டேப்பை இரட்டையாகச் சுற்றச் சொன்னேன். பாய் மறுத்துவிட்டார். சின்னக் கைக்குத் தடியாகப் போனால் விரல் சுற்றிவராது, இறுக்கிப் பிடித்தே கை ஓய்ந்துபோகும்.

கடைசியில் பிரேக். லீவரில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் திருகினால் லீவர் விரலுக்குக் கிட்டே வரும். வண்டி வாங்கியதிலிருந்து அவள் பிரேக்கை விரல் நுனியால்தான் பிடித்து வந்திருக்கிறாள், மேலூர் ரோட்டில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வருகிறபோதும். ஒரு ஸ்க்ரூவைத் திருக இரண்டு நிமிஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான்.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பெண் இன்ஜினீயர் 1985-ல் கம்பெனியே ஆரம்பித்து, சின்ன உருவப் பெண்களுக்காக முன் சக்கரத்தை 24 அங்குலமாகக் குறைத்து சைக்கிள் செய்தார். நாற்பது வருஷம் கழித்து, 2025-ல் சர்வதேச சைக்கிள் சங்கம், 2026 முதல் ரோட் பந்தயங்களில் ஹேண்டில்பார் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை 40 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. காற்றைக் கிழிக்க வேண்டி ரொம்பக் குறுகலாக வைத்துக்கொள்கிறார்கள், ஆபத்து என்பது காரணம். எங்கள் தோள் அகலம் என்னாவது என்று பெண் வீராங்கனைகள் தரப்பில் எதிர்ப்புக் கிளம்பியது. நல்லவேளை, அழகர்கோவில் ரோட்டில் அந்த விதி செல்லாது.

விரல்கள் சரியாக ஒன்றரை மாதம் ஆயிற்று. போன மாதம் நத்தம்வரை போய்வந்தாள். கழற்றிய 42 பாய் கடையிலேயே கிடந்தது; தோள் அகன்ற பையன் ஒருவன் பாதி விலைக்கு வாங்கிப்போனானாம்.

அந்தப் பணத்தை வாங்கிவர அக்காவும் கூட வந்தாள். கடை வாசலில் தன் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "பாய், இதுலயும் பிரேக் எனக்கு எட்டவே மாட்டேங்குது. அந்த ஸ்க்ரூ மாதிரி ஏதாச்சும் இதுல இருக்கா?"