காற்றும் கயிறும்

தங்கவயலில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்குக் கடல் என்பது படத்தில் கண்ட பொருளே. காற்றுங்கூட அப்படித்தான் என்பார் என் தந்தையார். இருபத்து நான்கு ஆண்டுகள் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். ஆழத்தில் இயந்திரம் செலுத்தும் காற்றே மூச்சுக்கு ஆதாரம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது நான் பள்ளிச் சிறுவன்.

2025 மே மாதத்தில் தந்தையாரையும் பதின்மூன்று வயது மகனையும் இராமேசுவரத்துக்கு அழைத்துச் சென்றேன். ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின்மீது வண்டி சென்றபோது, ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு 1964 டிசம்பர்ப் புயலே நினைவில் எழுந்தது. தனுஷ்கோடி சென்ற பயணி வண்டியைக் கடல் கொண்ட கதையைப் பணியில் சேர்ந்த நாள் முதல் கேட்டு வருகிறேன்.

மறுநாள் கடலோரத்தில் ஒரு வியத்தகு காட்சி! வானில் பெரும் பட்டங்கள். அவை இழுத்துச் செல்ல, பலகைமேல் நின்று ஆடவரும் பெண்டிரும் நீர்மேல் விரைந்தனர். கைட் சர்ஃபிங் என்பது அதன் பெயர். நீரில் வீழ்ந்தாலும் மீண்டும் எழும்பவல்ல, காற்றடைத்த பட்டத்துக்குப் பிரெஞ்சுச் சகோதரர் இருவர் 1984இல் காப்புரிமை கோரினர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்று, மத்தியதரைக் கடலோர மார்செய் நகரில் நடைபெற்றது. இராமேசுவரத்திலோ கோடையில் தென்மேற்குக் காற்றும் குளிர்காலத்தில் வாடையும் வீசுவதால் ஆண்டுக்கு இரு பருவங்கள்.

"அப்பா, நானும் கற்றுக்கொள்கிறேன்" என்றான் மகன்.

"வேண்டாம். கடலோடு என்ன விளையாட்டு?" என்றேன். அவன் முகம் வாடிற்று.

தந்தையார் ஒன்றும் பேசாமல் பயிற்சி அளிக்கும் இளைஞரிடம் சென்றார். "தம்பி, இந்தக் கயிறு எவ்வளவு தாங்கும்? நாள்தோறும் யார் சோதிக்கிறார்கள்?" என்று வினவினார்.

அவர் கயிறுகளை மணலில் விரித்துக் காட்டினார். ஒவ்வொன்றும் இருபது மீட்டருக்கு மேல் நீளம். இடுப்புக் கச்சையில் கொக்கி. கையில் ஒரு தண்டு. தண்டை விட்டால் பட்டத்தின் விசை தணியும். அதற்கும் அடங்காவிடில் மற்றொரு பிடியைத் தள்ளினால் பட்டம் வலுவிழந்து வீழும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் வேளையில் புதியவரை இறக்குவதில்லை என்றும் கூறினார்.

தந்தையார் ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பின் என்னிடம், "கம்பி வடத்தை நம்பித்தானே நான் நாள்தோறும் கீழே இறங்கினேன்? சோதித்த கயிற்றை நம்பலாம். நீச்சல் அறியாமல் இறங்குவதுதான் பிழை" என்றார்.

நான் நாணினேன். புயலை நினைத்த நான் கயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லையே!

அன்று மகன் கடலில் இறங்கவில்லை. மணலில் நின்று சிறு பட்டம் ஒன்றைப் பிடித்தான். பற்றுவதையன்று, விடுவதையே முதலில் கற்பித்தார்கள். ஊர் திரும்பியதும் நீச்சல் பயிலத் தொடங்கினான்.

நம் பிள்ளைகள் தொலைவூர்களுக்கும் புதுத் தொழில்களுக்கும் புறப்படும் காலம் இது. 'வேண்டாம்' என்று சொல்லுமுன் கயிறு எத்தகையது என்று கேட்போமாக.

நீச்சல் கைவந்ததும் வாடைப் பருவமொன்றில் மீண்டும் போகலாம் என்று மகனுக்கு வாக்களித்துள்ளேன். தாத்தாவும் உடன் வருவாராம். கயிற்றைச் சோதிக்க வேண்டுமல்லவா?